கணினிச் சதுரங்க நிரல்களைத் தரப்படுத்தும் சோதனைகளில் நடுநிலை: இஸ்கியாப் போட்டி முதல் கல்லூரி ஆய்வகம் வரை

ஆய்வுச்சுருக்கம்

சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களின் ஆற்றலை ஓர் எண்ணால் குறித்து வரிசைப்படுத்தும் வழக்கம் 1984 முதல் தொடர்ந்து இருந்து வருகிறது. அவ்வெண் எத்தகைய சோதனையிலிருந்து பெறப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமையும். 1998இல் விசுவநாதன் ஆனந்துக்கும் ரெபெல் 10 என்னும் நிரலுக்கும் நடைபெற்ற போட்டியையும், 2017, 2018ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆல்பாசீரோ முடிவுகளையும் சான்றுகளாகக் கொண்டு, ஆட்டங்களின் எண்ணிக்கை, நேர ஒதுக்கீடு, தொடக்க நிலைகள், வன்பொருள், சோதனையை நிறுத்தும் விதி ஆகியவை தரப்புள்ளியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மதுரை வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் உள்ள கணினிகளைக் கொண்டே நம்பத்தகுந்த சோதனையை நடத்த இயலும் என்பதும், இம்முறைகள் தமிழ்க் கணிமைக் கருவிகளை ஒப்பிடுவதற்கும் பொருந்தும் என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: சதுரங்க நிரல், எலோ தரப்புள்ளி, திட்டப்பிழை, இணை ஆட்டம், தொடர்முறைச் சோதனை, தமிழ்க் கணிமை

முன்னுரை

தமிழகத்தில் சதுரங்கம் இன்று ஒரு சிலரின் பொழுதுபோக்கு அன்று. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் ஆனந்த். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. மதுரையில் பிறந்த அரவிந்த் சிதம்பரம் 2024இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் குகேஷ் உலகப் பட்டம் பெற்றார். இத்தலைமுறை ஆட்டக்காரர்கள் அனைவரும் கணினி நிரல்களின் துணையோடு பயின்றவர்கள். இந்த ஆர்வத்தின் மறுபக்கமாக, கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் தாமே சதுரங்க நிரல் எழுதி அதனை இறுதியாண்டுத் திட்டப்பணியாக அளிப்பதும் உண்டு.

அத்தகைய ஆய்வேட்டில் வழக்கமாக இடம்பெறும் ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘எமது மாற்றத்தால் நிரலின் வலிமை 30 புள்ளிகள் உயர்ந்தது’ என்பது போன்றது அது. எத்தனை ஆட்டங்கள்? எவ்வளவு நேரம்? எந்தத் தொடக்க நிலைகளிலிருந்து? ஒரே கணினியிலா, இரு வேறு கணினிகளிலா? இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனில் அவ்வாக்கியத்தை மெய்யென்று ஏற்கவும் இயலாது, பொய்யென்று மறுக்கவும் இயலாது. நெறியாளரும் புறநிலைத் தேர்வாளரும் அதற்கு மதிப்பெண் வழங்கியாக வேண்டிய நிலை மட்டும் எஞ்சுகிறது. இக்கட்டுரை அவர்களுக்காகவே முதன்மையாக எழுதப்பட்டது.

இஸ்கியாவில் எட்டு ஆட்டங்கள்

நெதர்லாந்தைச் சேர்ந்த எட் ஷ்ரோடர் எழுதிய ரெபெல் என்னும் நிரலின் 10ஆம் பதிப்பு, 1998 சூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் ஆனந்தை எதிர்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்காக மோதியவர் ஆனந்த். எட்டு ஆட்டங்களின் முடிவில் நிரல் 5, ஆனந்த் 3 என்று கணக்கு முடிந்தது. இயந்திரம் வென்றது என்னும் செய்தியாகவே அது பரவியது.

ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. நான்கு ஆட்டங்கள் ஐந்து நிமிடமும் நகர்வுக்கு ஐந்து வினாடிக் கூடுதலும் கொண்ட பிளிட்ஸ் வகை; அவற்றில் நிரல் 3–1 என்று முந்தியது. இரண்டு ஆட்டங்கள் பதினைந்து நிமிட வகை. அவற்றில் நிரலுக்கு ஒன்றரை, ஆனந்துக்கு அரை. எஞ்சிய இரண்டும் இரண்டு மணி நேரத்தில் நாற்பது நகர்வுகள் என்னும் முறையான போட்டி வகை. அவற்றில் ஆனந்துக்கு ஒன்றரை, நிரலுக்கு அரை.

விரைவு ஆட்டங்கள் ஆறையும் சேர்த்தால் நிரல் பெற்றது நான்கரை, அதாவது 75 விழுக்காடு. இதனை எலோ வாய்பாட்டில் இட்டால் நிரல் ஆனந்தைவிட ஏறத்தாழ 191 புள்ளி உயர்ந்தது என்று வரும். நீண்ட ஆட்டங்கள் இரண்டையும் மட்டும் எடுத்தால் நிரல் பெற்றது 25 விழுக்காடு. அதே வாய்பாடு, நிரல் 191 புள்ளி தாழ்ந்தது என்று காட்டும். எட்டையும் சேர்த்தால் 89 புள்ளி உயர்வு. ஒரே ஆட்டக்காரர், ஒரே நிரல், ஒரே போட்டி, எண்கள் மூன்று. இவற்றுள் எது ‘சரியான’ எண் என்று கேட்பது பொருந்தாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவுக்கான விடை. நேர ஒதுக்கீட்டைக் குறிப்பிடாமல் ஒரு நிரலின் தரப்புள்ளியை மேற்கோள் காட்டுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நேரம் குறையும்போது மனித மூளை இழப்பது அதிகம். இயந்திரம் இழப்பது குறைவு. நிரல்களுக்குள்ளேயும் இவ்வேறுபாடு உண்டு. சில நிரல்கள் குறுகிய நேரத்தில் சிறந்தும் நீண்ட நேரத்தில் பின்தங்கியும் ஆடுகின்றன.

தரப்புள்ளி எதனை அளக்கிறது

அர்பாட் எலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. அதன் சாரம் எளிது. இரு ஆட்டக்காரர்களின் புள்ளி வேறுபாட்டிலிருந்து, அவர்கள் பலமுறை மோதினால் ஒருவர் பெறக்கூடிய விழுக்காட்டை மதிப்பிடுவதே அது. வேறுபாடு இல்லையெனில் 50, 100 புள்ளி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 64, 200க்கு 76, 400க்கு 91. இம்முறைக்கு முன்னோடியாக, போட்டி முடிவுகளிலிருந்து ஆட்டக்காரர்களின் வலிமையைக் கணிக்கும் வழியைக் கணிதவியலர் சேர்மெலோ 1929லேயே வெளியிட்டிருந்தார்.

இதில் மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு செய்தி உண்டு. வாய்பாட்டில் இடம்பெறுவது வேறுபாடு மட்டுமே. ஒரு பட்டியலில் உள்ள எல்லா நிரல்களுக்கும் 500 புள்ளிகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் அப்பட்டியல் சொல்லும் செய்தி மாறாது. 1984 முதல் பட்டியல் வெளியிட்டு வரும் ஸ்வீடன் கணினிச் சதுரங்கச் சங்கம், மனித ஆட்டக்காரர்களின் எண்களோடு பொருந்தும்பொருட்டு 2000ஆம் ஆண்டில் தன் பட்டியலிலிருந்த எண்கள் அனைத்தையும் 100 புள்ளி குறைத்தது. எந்த நிரலும் அதனால் வலிமை இழந்துவிடவில்லை. ஆகவே, ஒரு பட்டியலில் 3400 பெற்ற நிரலை வேறொரு பட்டியலில் 3300 பெற்ற நிரலோடு ஒப்பிடுவதும், அவ்விரண்டையும் குகேஷின் தரப்புள்ளியோடு ஒப்பிடுவதும் வெவ்வேறு ஊர்ப் படிகளால் அளந்த நெல்லை ஒரே கணக்கில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று, எதிரிகளின் தொகுதி. ஒரு நிரலின் புதிய பதிப்பை அதன் பழைய பதிப்போடு மட்டும் மோதவிட்டால் கிடைக்கும் முன்னேற்றம், பிற நிரல்களோடு மோதும்போது கிடைப்பதைவிடப் பெரும்பாலும் மிகையாகவே தோன்றும். இரண்டும் ஒரே பார்வைக் குறையைப் பகிர்ந்துகொள்வதால், அக்குறை சோதனையில் வெளிப்படுவதே இல்லை. தொகுதியில் ஒரே மூலநிரலிலிருந்து பிறந்த பல நகல்கள் இருப்பினும் இதே சிக்கல் எழும்.

எத்தனை ஆட்டங்கள் போதும்

ஓர் ஆட்டத்தின் முடிவு ஒன்று, அரை, சுழி என்னும் மூன்றில் ஒன்று. சமநிலை ஆட்டங்களும் கலந்திருக்கையில் ஓர் ஆட்டத்தின் திட்டவிலக்கத்தை 0.4 என்று கொள்ளலாம். ஏறத்தாழ ஒத்த வலிமையுள்ள இரு நிரல்களிடையே ஒரு விழுக்காட்டு வேறுபாடு 7 எலோ புள்ளிக்குச் சமம். இவ்விரண்டையும் இணைத்தால் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியின் அரையகலம், 545ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பதாகும். 40 ஆட்டங்களுக்கு அது 86 புள்ளி. 100 ஆட்டங்களுக்கு 54. 1000க்கு 17. 10,000 ஆடினால்தான் 5 புள்ளி அளவுக்கு இறங்குகிறது.

முன்னுரையில் எடுத்துக்காட்டிய வாக்கியத்துக்கு இங்கே திரும்பலாம். 40 ஆட்டங்களில் 30 புள்ளி உயர்வு கண்டதாகச் சொல்லும் ஆய்வேடு, உண்மையில் சொல்வது யாதெனில், மாற்றத்தால் நிரல் 56 புள்ளி தாழ்ந்திருக்கலாம், 116 புள்ளி உயர்ந்தும் இருக்கலாம் என்பதே. இஸ்கியாவின் எட்டு ஆட்டங்களுக்கு இக்கணக்கை இட்டால் இடைவெளி ஏறத்தாழ −109 முதல் +386 வரை பரவுகிறது. 1997இல் டீப் புளூ காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற ஆறு ஆட்டங்களும் வரலாற்று நிகழ்வு என்ற வகையில் பெரியவை. அளவீடு என்ற வகையில் மிகச் சிறியவை. மனிதர்களை ஆயிரம் ஆட்டம் ஆடச் செய்ய இயலாது. நிரல்களைச் செய்யலாம். செய்யாமல் விடுவதற்கு நேரமின்மையைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த நேரமும் ஓர் ஆய்வகத்தின் வார விடுமுறை அளவே.

தலைமடையும் கடைமடையும்

வைகை, பெரியாறு பாசனத்தில் பயிர் செய்யும் எவருக்கும் தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒன்றல்ல என்பது தெரியும். ஒரு நெல் வகையைத் தலைமடையிலும் மற்றொன்றைக் கடைமடையிலும் நட்டு, விளைச்சலை ஒப்பிட்டு, முதல் வகையே சிறந்தது என்று அறிவித்தால் மேலூர்ப் பக்கத்து உழவர் சிரிப்பார். 1965இல் தொடங்கப்பட்ட மதுரை வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் வயலாய்வு செய்வோர் நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா வகைகளையும் நட்டு, தொகுதிக்குள்ளேயே ஒப்பிடுவர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ஃபிஷர் நிலைநாட்டிய முறை இது.

சதுரங்கத்தில் தொடக்க நிலையே நிலம். முதல் நகர்வு உரிமை பெற்ற வெள்ளைக்கு இயல்பாகவே சற்று ஆதாயம் உண்டு. சில தொடக்கங்களில் அது மிகும். எனவே ஒரே தொடக்க நிலையிலிருந்து இரண்டு ஆட்டங்கள் நடத்தி, இரண்டாவதில் நிறங்களை மாற்றுவது அடிப்படை விதி. இதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த இரண்டு ஆட்டங்களையும் கணக்கில் எவ்வாறு எழுதுவது என்பதில்தான் பிழை நேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. அ, ஆ என்னும் இரு நிரல்கள் 100 தொடக்க நிலைகளிலிருந்து 200 ஆட்டங்கள் ஆடுகின்றன. தொடக்கங்கள் வெள்ளைக்குப் பெரிதும் சாதகமானவை. 90 இணைகளில் இரு ஆட்டங்களையும் வெள்ளையே வெல்கிறது. இணையின் கணக்கு 1–1. 9 இணைகளில் அ ஒன்றரை, ஆ அரை. ஓர் இணையில் அதற்கு மாறாக. மொத்தம் அ பெற்றது 200க்கு 104, அதாவது 52 விழுக்காடு. இருநூறையும் தொடர்பற்ற தனி ஆட்டங்களாகக் கொண்டு கணக்கிட்டால் பிழை எல்லை ±6.75 விழுக்காடு, அ வலியது என்று சொல்ல இடமில்லை. ஆனால் இணையையே அலகாகக் கொண்டால் 90 இணைகளும் எந்தச் சிதறலையும் தருவதில்லை. பிழை எல்லை ±1.5 ஆகச் சுருங்குகிறது. அ பெற்ற பங்கு 50.5க்கும் 53.5க்கும் இடையில் இருக்கிறது என்று துணிந்து கூறலாம். ஆட்டங்கள் அவையே, கூட்டல் அதுவே, முடிவு மட்டும் வேறு. தொகுதிக்குள் ஒப்பிடுக என்னும் வயலாய்வு விதியே இங்கும் செயல்படுகிறது. இணையின் முடிவு சுழி, அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என ஐந்தில் ஒன்றாக அமைவதால் இதனை ஐவகைக் கணிப்பு என்று அழைக்கலாம்.

சமநிலையான தொடக்கங்களைத் தேர்ந்தால் இச்சிக்கல் இல்லையே என்று கேட்கலாம். இன்றைய முன்னணி நிரல்கள் அத்தகைய தொடக்கங்களிலிருந்து மிகப் பெரும்பான்மை ஆட்டங்களைச் சமநிலையில் முடிக்கின்றன. சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. இதனாலேயே வேண்டுமென்றே சற்றுச் சாய்வான தொடக்கங்களின் தொகுப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன. முன்பு நிலைமை வேறு. ஒவ்வொரு நிரலும் தன் சொந்தத் தொடக்க நூலோடு வந்தது. குறிப்பிட்ட எதிரியை வீழ்த்துவதற்கென்றே தயாரித்த நகர்வு வரிசைகள் அந்நூலில் புகுத்தப்பட்டன. ஒரே வெற்றி ஆட்டம் பலமுறை திரும்ப ஆடப்பட்டுப் புள்ளி குவிந்தது. மனப்பாடம் செய்த விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவது போன்றது அது. பொதுவான தொடக்கத் தொகுப்பை நடுவர் தரப்பே வழங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது.

நேரம், வெப்பம், நினைவகம்

சமமான நேரம் என்பது கடிகாரத்தில் சமமான நிமிடங்கள் மட்டுமன்று. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகம், மே மாதம், எட்டு உள்ளகங்கள் கொண்ட மேசைக் கணினி என்று கொள்வோம். வெளியே வெப்பம் 40 பாகையைத் தொடுகிறது. எட்டு ஆட்டங்களை ஒருசேர ஓடவிட்டால் நுண்செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நடந்த ஆட்டங்களும் பிற்பகலில் நடந்த ஆட்டங்களும் வெவ்வேறு வேகத்தில் ஆடப்பட்டவை ஆகும். பழைய பதிப்பின் ஆட்டங்களைக் காலையிலும் புதிய பதிப்பின் ஆட்டங்களைப் பிற்பகலிலும் ஒரு பொது எதிரியோடு நடத்தியிருந்தால், ஒப்பீடு வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலானதாக முடியும். இரு பதிப்புகளும் மாறிமாறி ஆடுமாறு வரிசையைக் கலைப்பதே தீர்வு. குளிரூட்டி இருந்தால் நன்று. கலைத்த வரிசை இருந்தால் அதனினும் நன்று.

எதிராளியின் நேரத்திலும் சிந்திக்கும் வசதியை ஒரே கணினியில் இயக்கினால், ஒரு நிரல் மற்றதன் கணிப்பு வேகத்தைத் திருடுகிறது. அதனால் பெரும்பாலான சோதனைகளில் அவ்வசதி நிறுத்தப்படுகிறது. சிசிஆர்எல் பட்டியல் இவ்வாறே செய்கிறது. பலரின் கணினிகளில் நடக்கும் ஆட்டங்களை ஒன்றுபடுத்த, இன்டெல் ஐ7-4770கே செயலியில் 15 நிமிடத்துக்கு 40 நகர்வுகள் என்பதை அடிப்படை அளவாகக் கொண்டு, ஒவ்வொருவரும் தம் கணினியின் வேகத்துக்கேற்ப நேரத்தைத் திருத்திக்கொள்ளச் செய்கிறது. நம் ஆய்வகங்களில் ஒரே மாதிரிக் கணினிகள் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு கொள்முதல் என்று மூன்று தலைமுறைக் கருவிகள் அருகருகே இருக்கும். இத்திருத்த முறை அங்கே நேரடியாகப் பயன்படும்.

ஹாஷ் அட்டவணைக்கு ஒதுக்கும் நினைவகமும், இழைகளின் எண்ணிக்கையும் இரு நிரல்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இறுதியாட்ட அட்டவணைகளும் அவ்வாறே. ஐந்து காய் வரையிலான சிசிகி அட்டவணைகள் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டில் அடங்குவதால் எவரும் பயன்படுத்தலாம். மின்தடையால் அறுந்த ஆட்டத்தை நீக்குவதா, மீண்டும் ஆடுவதா, நேரம் கடந்து தோற்றதைத் தோல்வியாகவே எழுதுவதா என்பனவற்றைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்தல் வேண்டும். ஆட்டம் அறுந்தபின் பலகையைப் பார்த்து முடிவெடுப்பவர் தம்மை அறியாமலே தம் நிரலின் பக்கம் சாய்வார்.

எப்போது நிறுத்துவது

ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மாணவர் அவ்வப்போது திரையைப் பார்க்கிறார், தம் நிரல் போதிய அளவு முந்தியதும் நிறுத்தி அறிக்கை எழுதுகிறார். முந்தாவிடில் இன்னும் சற்று ஓடட்டும் என்று விடுகிறார். இதில் ஏமாற்றும் நோக்கம் சிறிதும் இல்லை. ஆயினும் 5 விழுக்காடு என்று அவர் எண்ணியிருக்கும் தவறான முடிவின் வாய்ப்பு, ஐந்து முறை எட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 14 ஆகவும், பத்து முறை பார்த்தால் 19 ஆகவும் ஏறிவிடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் பார்த்துக்கொண்டே இருந்தால், என்றேனும் ஒருநாள் வெற்றி எல்லை கடக்கப்பட்டே தீரும்.

வழிகள் இரண்டு. ஆட்ட எண்ணிக்கையை முன்பே அறிவித்து அதுவரை நிறுத்தாமல் ஓடவிடுவது ஒன்று. மற்றது, பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று வகுக்கப்பட்ட தொடர்முறைச் சோதனை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்டு வகுத்தது இது. விரிவுரைப் பயணமாக இந்தியா வந்திருந்த வால்டு, 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார் என்பதை நம் புள்ளியியல் மாணவர்களுள் பலர் அறியார். அவரது முறையில், ‘மாற்றத்தால் பயனில்லை’, ‘இத்தனை புள்ளி பயனுண்டு’ என்னும் இரு கருதுகோள்களையும் முன்கூட்டியே எண்ணாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் இரண்டில் எதற்குச் சான்று கூடுகிறது என்பது மடக்கை விகிதமாகக் கணக்கிடப்படும். இருவகைப் பிழைக்கும் 5 விழுக்காடு இசைவளித்தால், அவ்விகிதம் 2.94ஐத் தொடும்போது மாற்றம் ஏற்கப்படும், −2.94ஐத் தொடும்போது தள்ளப்படும். இடையில் இருக்கும்வரை ஆட்டம் தொடரும்.

ஸ்டாக்ஃபிஷ் என்னும் திறந்த மூல நிரலின் வளர்ச்சி இம்முறையின்மீதே எழுந்தது. 2013இல் கேரி லின்ஸ்காட் உருவாக்கிய ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தம் கணினி நேரத்தை வழங்குகின்றனர். ஒரு மாற்றம் முதலில் 10 வினாடியும் நகர்வுக்கு 0.1 வினாடியும் கொண்ட விரைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். பின்னர் 60 வினாடியும் 0.6 வினாடியும் கொண்ட நீண்ட சோதனையைக் கடக்க வேண்டும். எழுதியவர் யார் என்பது அங்கே பொருட்டன்று. பெரும் பெயர் பெற்றவரின் கருத்தும் பள்ளி மாணவரின் கருத்தும் ஒரே எல்லைக்கோட்டைத் தொட்டாக வேண்டும். தோல்வியுற்ற சோதனைகளும் அழிக்கப்படாமல் பொதுவில் வைக்கப்படுகின்றன என்பதே எம் பார்வையில் இவ்வமைப்பின் தலையாய சிறப்பு. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் தோற்ற முயற்சிகளுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படாத நிலையில் இது எண்ணத்தக்கது.

ஆல்பாசீரோ: விவாதமும் மறுசோதனையும்

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம், தானே ஆடிக் கற்ற ஆல்பாசீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமநிலை, தோல்வியே இல்லை என்னும் கணக்கில் வென்றதாக அறிவித்தது. 64 விழுக்காடு, ஏறத்தாழ 100 புள்ளி மேன்மை. சதுரங்க உலகம் வியந்தது. சோதனையாளர்கள் நிபந்தனைகளைப் படித்தனர். ஸ்டாக்ஃபிஷுக்கு 64 இழைகள் தரப்பட்டன. ஆனால் ஹாஷ் அட்டவணைக்கு ஒரு ஜிகாபைட் மட்டுமே. தொடக்க நூல் இல்லை. நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நேரம் கட்டப்பட்டிருந்தது. கடினமான நிலையில் கூடுதல் நேரம் செலவிடும் திறமை ஸ்டாக்ஃபிஷில் நெடுங்காலம் செதுக்கப்பட்ட ஒன்று. நிலையான நேரம் அதைச் செயலற்றதாக்கியது என்று அதன் உருவாக்குநர்களுள் ஒருவரான டார்டு ரோம்ஸ்டாட் சுட்டினார்.

ஓராண்டு கழித்து, 2018 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையில் நிபந்தனைகள் மாற்றப்பட்டிருந்தன. ஸ்டாக்ஃபிஷுக்கு 44 உள்ளகங்கள், 32 ஜிகாபைட் ஹாஷ். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரமும் நகர்வுக்கு 15 வினாடியும். 1000 ஆட்டங்களில் ஆல்பாசீரோ 155 வென்றது, 6 தோற்றது. அதாவது 57.45 விழுக்காடு, 52 புள்ளி மேன்மை. முதல் சோதனையின் நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 68 முதல் 134 வரை. இரண்டாவதன் இடைவெளி 44 முதல் 60 வரை. இவை ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே இவ்வேறுபாடு வெறும் தற்செயலன்று. இரு சோதனைகளுக்கும் இடையில் ஆல்பாசீரோவும் மாறியிருக்கக்கூடும் என்பதால் முழு வேறுபாட்டையும் நிபந்தனைகளுக்கே ஏற்றிவிடுவதும் முறையாகாது. வெற்றியாளர் மாறவில்லை, வெற்றியின் அளவு பாதியாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் தீராமலே நிற்கிறது. ஆல்பாசீரோ ஓடியது நான்கு டென்சர் செயலிகளில். ஸ்டாக்ஃபிஷ் ஓடியது பொதுச் செயலிகளில். இவ்விரண்டையும் எந்த அளவுகோலால் சமப்படுத்துவது? விலையாலா, மின்செலவாலா, கணிப்பு எண்ணிக்கையாலா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. நடுநிலையான சமன்பாடு இதற்கு இல்லை என்பதே எம் கருத்து. எவ்வளவு விலையுள்ள, எவ்வளவு மின்சாரம் உண்ணும் கருவியில் எது ஓடியது என்பதை வெளிப்படையாக எழுதி, தீர்ப்பைப் படிப்பவரிடம் விடுவதே இயலும்.

தமிழ்க் கணிமைக்கு இதன் தேவை

சதுரங்க நிரல்களைப் பற்றித் தமிழாய்விதழில் இவ்வளவு விரிவாகப் பேசுவதன் காரணத்தை வாசகர் கேட்கக்கூடும். மொழி மாதிரிகளை ஒப்பிடுவோர் சதுரங்கத்தின் அளவுகோலையே எடுத்துக்கொண்டுவிட்டனர் என்பதுதான் காரணம். 2023 முதல், இரு மாதிரிகளின் விடைகளை அருகருகே காட்டி மனிதர்களை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அத்தேர்வுகளை எலோ புள்ளியாகவும், பின்னர் பிராட்லியும் டெர்ரியும் 1952இல் வகுத்த இணை ஒப்பீட்டு முறையாலும் மாற்றும் பட்டியல்கள் புகழ்பெற்றன. தமிழில் இயந்திர மொழிபெயர்ப்பு, எழுத்துணரி, சந்திப்பிழை திருத்தி ஆகியவற்றை ஒப்பிடும் ஆய்வுகளும் இவ்வழியில் செல்லத் தொடங்கினால், மேலே கண்ட சிக்கல்கள் அனைத்தும் உடன் வரும்.

இரண்டு மொழிபெயர்ப்புகளுள் முதலில் காட்டப்பட்டதற்குச் சற்று ஆதாயம் இருக்குமாயின், அது வெள்ளைக்காய் உரிமை. ஒவ்வொரு பகுதியையும் வரிசை மாற்றி இருமுறை காட்டி, இணையையே அலகாகக் கணக்கிட வேண்டும். தேர்ந்தெடுத்த மூலப்பகுதி தொடக்க நிலைக்கு ஒப்பு. செய்தித்தாள் நடையில் மட்டும் சோதித்துவிட்டு, உரையாசிரியர்களின் நடைக்கோ மதுரை வட்டார வழக்குக்கோ அம்முடிவை நீட்டுதல், பிளிட்ஸ் ஆட்டத்தின் எண்ணை நீண்ட ஆட்டத்துக்குச் சூட்டுவதாகும். சோதனைப் பகுதிகள் முன்பே இணையத்தில் இருந்து மாதிரியின் பயிற்சித் தரவில் கலந்திருந்தால், அது மனப்பாடம் செய்த தொடக்க நூல்.

நடைமுறையில் ஒரு முதுகலை மாணவர் நாற்பது வாக்கியங்களை நான்கு நண்பர்களிடம் காட்டிக் கருவியொன்றை மேலென்று முடிவு செய்கிறார். நாற்பது இணைகளில் பெரும்பாலானவை ‘இரண்டும் ஒன்றே’ என்று முடிந்திருந்தால், வேறுபாடு காட்டியவை பத்தோ பன்னிரண்டோதான். பத்தில் ஏழு ஒரு பக்கம் விழுவது, இரு கருவிகளும் ஒத்த தரமுடையனவாக இருப்பினும், நாணயச் சுண்டலில் ஆறில் ஒரு முறை நேரக்கூடியது. இருநூறு வாக்கியங்களை எடுத்து, எண்ணிக்கையையும் நிறுத்தும் விதியையும் ஆய்வு முன்வரைவிலேயே எழுதி, மதிப்பிடுவோருக்குக் கருவியின் பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்துக் காட்டுவதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு வாரமே. முன்வரைவுக்கு இசைவளிக்கும் நெறியாளர் குழு இந்த நான்கையும் கேட்டுப் பெற்றுக்கொண்டால், வாய்மொழித் தேர்வன்று அவற்றைப் பற்றி வாதிட வேண்டிய தேவை எழாது.